நீரில் தலைமடை, அலையில் கடைமடை

அலைக்கற்றை என்பது தமிழ்நாட்டில் ஒரு வசவுச் சொல்லாகிவிட்டது. தேநீர்க் கடையில் அதை உச்சரித்தால் ஒருவர் உடனே 1.76 லட்சம் கோடி என்பார். இன்னொருவர், எல்லோரும் விடுதலையாகிவிட்டார்களே என்பார். மூன்றாமவர் இருவரையும் முறைத்துவிட்டுக் கண்ணாடித் தம்ளரை ஓசையெழக் கீழே வைப்பார். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். 2008-லிருந்து இந்த மூன்று வசனங்களைத்தான் நாம் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். திருடியவர் யார், திருடவே இல்லை என்றவர் யார் என்பதில் நாம் காட்டிய அக்கறையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட, அந்த அலைக்கற்றை கடைசியில் யார் வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்தது என்பதில் நாம் காட்டியதில்லை.

இலக்கியத்தையும் இசையையும் பேசக் கூடியவர்கள் இதில் ஏன் தலையிட வேண்டும் என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எங்களில் இருவருக்குத் திருவையாறு சொந்த ஊர். சென்ற முறை அவர்களுடன் கொள்ளிடக் கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றுக்குப் போயிருந்தோம். அங்கே நியாயவிலைக் கடைக்கு அரிசி வாங்க வந்த பாட்டி ஒருவர் விரல்ரேகைக் கருவியின் முன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் கருவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார், வேப்பமரத்தடிக்குப் போனார், கடைசியில் களத்துமேட்டின் மேல் ஏறி நின்றார். பாட்டியும் பின்னாலேயே போனார். மேட்டின் மேல் நின்று விரலை வைத்தபோதுதான் கருவி அவரை அவர்தான் என்று ஒப்புக்கொண்டது. “சாமி வரங் குடுக்கற மாதிரியில்ல இருக்கு” என்றார் பாட்டி. அப்போது நாங்கள் சிரித்தோம். திரும்பும் வழியில் சிரிப்பு வரவில்லை. சேவை எட்டும் பகுதிகளைக் காட்டும் வரைபடத்தில் அந்த ஊரும் வண்ணம் தீட்டப்பட்ட ஊர்தான். வரைபடத்தின்படி பாட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த வண்ணத்தைப் பற்றியது.

*

தஞ்சையிலிருந்து வடக்கே புறப்பட்டு வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஆறுகளை ஒவ்வொன்றாகக் கடந்தால் திருவையாறு. ஊரின் பெயரே ஐந்து ஆறுகளின் பெயர். மேற்கே அதிக தொலைவில்லாமல் கல்லணை இருக்கிறது. நீர்ப் பங்கீட்டுக் கணக்கில் இது தலைமடைப் பகுதி. கடைமடை என்பது பேராவூரணிப் பக்கமும் வேதாரண்யம் பக்கமும். தலைமடையில் இருப்பவர் மதகை மூடாமல் விட்டால் கடைமடையில் பயிர் கருகும் என்பது டெல்டாவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆகவேதான் முறை வைத்துப் பாய்ச்சும் வழக்கம் இங்கே உண்டானது. தண்ணீர் குறைந்த ஆண்டில் யாருக்கு எந்த நாள் முறை என்பதற்காக அரிவாள் தூக்கியவர்களும் உண்டு, ஊர்ப் பொதுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்தவர்களும் உண்டு. ஆற்றை ஏலத்தில் விட்டு, அதிக விலை கேட்டவனுக்கு இருபது ஆண்டுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

வானலையும் அத்தகைய பொதுச் சொத்துதான். இதை நாங்கள் சொல்லவில்லை. 1995 பிப்ரவரியில் வங்காள கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வானலைகள் பொதுமக்களின் சொத்து, பொது நலனுக்காகவே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று. காவிரி பற்றி 2018 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், ஆறு எந்த ஒரு மாநிலத்தின் தனிச் சொத்தும் அன்று என்றது. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரே குரல் கேட்கும். ஆனால் ஆற்றில் நமக்கு எத்தனை டி.எம்.சி. என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். வானில் நமக்கு எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டால் பட்டதாரிகளும் விழிக்கிறோம்.

ஆற்றுக்கும் அலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதுதான் இந்த விவாதத்தின் உயிர்நாடி. தண்ணீரை மேட்டூரில் தேக்கிவைத்து அடுத்த மாதம் திறக்கலாம். அலையைத் தேக்க முடியாது. நேற்றுப் பயன்படாத அலைவரிசை நேற்றோடு போயிற்று. அதை விற்காமல் வைத்திருந்தால் சேமித்ததாக ஆகாது. வாங்கியவர் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அப்படியே. தரிசாகக் கிடக்கும் நிலத்திலாவது புல் முளைத்து மாடு மேயும். தரிசாகக் கிடக்கும் அலைவரிசையில் யாருக்கும் ஒன்றும் முளைப்பதில்லை.

நாடுகளுக்கிடையில் இந்தப் பங்கீடு எவ்வாறு நடக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அலைக்குக் கடவுச்சீட்டு கிடையாது. கொழும்பில் இருந்து ஒலித்த இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தந்திக்காக 1865-இல் பாரிஸில் தொடங்கிய பன்னாட்டு ஒன்றியமே இன்று உலக நாடுகளைக் கூட்டி, எந்த அலைவரிசை எதற்கு என்று முடிவு செய்கிறது. உலகம் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தியா மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் வானொலி மாநாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாக்கு. நாடுகள் ஒத்த அலைவரிசையைத் தேர்ந்தால்தான் ஒரே கருவி எல்லா ஊரிலும் வேலை செய்யும், கருவியின் விலையும் குறையும். அந்தச் சந்தியில் இந்தியாவின் குரல் சிறிய குரல் அன்று. எங்கள் குறையெல்லாம், அங்கே பேசிய குரலும் இங்கே நடந்த காரியமும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததைப் பற்றியது.

*

அலைவரிசைகளில் எல்லாம் ஒன்றல்ல. தாழ்ந்த அலைவரிசை வெகுதூரம் போகும், தென்னந்தோப்பையும் வீட்டுச் சுவரையும் ஓரளவு துளைக்கும், ஆனால் குறைவான சுமையையே தாங்கும். உயர்ந்த அலைவரிசை பெரும் சுமை தாங்கும், ஆனால் சிறிது தூரத்திலேயே சோர்ந்துவிடும். மற்றவை மாறாதிருக்க, அலைவரிசை ஐந்து மடங்கு உயர்ந்தால் திறந்தவெளியிலேயே கைபேசியை வந்தடையும் ஆற்றல் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். 700 மெகாஹெர்ட்ஸுக்கும் 3,500 மெகாஹெர்ட்ஸுக்கும் உள்ள உறவு இதுதான். தை மாதம் ஆராதனைப் பந்தலில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து உட்கார்ந்து பஞ்சரத்தினத்தைக் கைபேசியில் பிடித்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப முயல்கிறார்களே, அங்கே தேவைப்படுவது உயர் அலைவரிசை. கொள்ளிடக் கரையில் வாழைக் கொல்லைகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் ஐம்பது வீடுகளுக்குத் தேவைப்படுவது தாழ் அலைவரிசை. திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியது. ஒரே கோபுரத்திலிருந்து மத்திய அலையில் புறப்பட்டு டெல்டாவின் தேநீர்க் கடைகளுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்த மாயமும் இந்தத் தாழ்ச்சியின் மாயம்தான்.

இப்போது 700 மெகாஹெர்ட்ஸின் கதையைக் கேளுங்கள். தொலைக்காட்சிக்கென்று இருந்த இந்தப் பகுதியைச் செல்பேசிக்குத் திறந்துவிடலாம் என்று 2007-ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டிலேயே இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கு வழி செய்யப்பட்டது. 2010-இல் ஆசிய பசிபிக் நாடுகள் அதற்கென ஒரு பொது வகுப்பு முறையையும் ஒப்புக்கொண்டன. கிராமத்துக்கு உகந்த அலைவரிசை தயார். 2016-இல் இந்திய அரசு அதை முதன்முறையாக ஏலத்துக்குக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்குமான அடிப்படை விலை, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். ஒருவரும் கேட்கவில்லை. 2021-இல் 6,568 கோடி என்று குறைத்தார்கள். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. 2022-இல் 3,927 கோடி என்றான பிறகே ஜியோ நிறுவனம் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. ஆறு ஆண்டுகள்! பேராசை பிடித்த மிராசுதார் ஒருவர் குத்தகை படியவில்லை என்று ஆறு போகம் நிலத்தைத் தரிசு போட்டால் ஊர் அவரை என்ன சொல்லும்? அரசு அதைச் செய்தபோது நாம் அதைக் கொள்கை என்றோம்.

இதைவிட வேதனையான செய்தி ஒன்றுண்டு. ஐந்தாம் தலைமுறைக்கான தகுதிகளைப் பன்னாட்டு ஒன்றியம் வகுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் நாட்டுக் கிராமங்கள் வேறு மாதிரியானவை, கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் ஆறு கிலோமீட்டர் இடைவெளி இருந்தாலும் வேலை செய்யும் தொழில்நுட்பம் வேண்டும் என்று வாதாடி, அதை உலகத் தேர்வு அளவுகோல்களில் ஒன்றாகவே 2017-இல் சேர்க்கச் செய்தது இந்தியா. சென்னை, ஹைதராபாத் ஐ.ஐ.டி. ஆய்வாளர்களின் பங்களிப்புடன் உருவான 5ஜிஐ என்ற இந்தியத் தரமும் 2021-இல் ஒன்றியத்தின் ஏற்பைப் பெற்றது. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் உலகச் சபையில் எங்கள் கிராமத்துக்குத் தொலைதூரம் எட்டும் அலை வேண்டும் என்று முழங்கிய அதே அரசுதான், அந்தத் தொலைதூரம் எட்டும் அலையை உள்ளூரில் எவரும் தொட முடியாத விலைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சபையில் ஏழைக்காக அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து களஞ்சியத்தைப் பூட்டுவது என்பது இதுதான்.

*

சரி, விற்ற அலையாவது வந்து சேர்ந்ததா?

2010-இல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றையையும் அகலப்பட்டை அலைக்கற்றையையும் ஏலம் விட்டபோது அரசுக்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல் கிடைத்தது. நாளிதழ்கள் கொண்டாடின. சென்னை உள்ளிட்ட தமிழ்நாட்டு வட்டத்தில் 3ஜி அலைக்கற்றைக்கு மட்டும் ஒவ்வொரு நிறுவனமும் ஏறத்தாழ 1,465 கோடி கொடுத்தது. அவ்வளவு விலை கொடுத்தவர்கள் மீது அரசு சுமத்திய கடமை என்ன? பெருநகரங்களுக்கு வெளியே உள்ள வட்டங்களில், ஐந்து ஆண்டுகளுக்குள் மாவட்டத் தலைநகரங்களில் பாதியை எட்ட வேண்டும்; அவற்றிலும் ஒரு சிறு விழுக்காடு கிராமப்புறத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். தஞ்சாவூர் மாவட்டத் தலைநகர். தஞ்சாவூரில் கோபுரம் நட்டால் மாவட்டம் எட்டப்பட்டதாகக் கணக்கு. பிறகு வந்த ஏலங்களில் ஒன்றியத் தலைநகரங்கள் என்று கொஞ்சம் கீழே இறங்கினார்கள். திருவையாறு ஒன்றியத் தலைநகர். பேருந்து நிலையத்தருகே கோபுரம் நட்டால் ஒன்றியம் எட்டப்பட்டதாகக் கணக்கு. கொள்ளிடக் கரைப் பாட்டி எந்தத் தலைநகரிலும் இல்லை. சட்டம் அவரை எட்டவேண்டும் என்று ஒருநாளும் எண்ணியதே இல்லை.

எங்கள் ஊர் ஐயாறப்பருக்குச் சித்திரையில் ஏழூர்த் திருவிழா. பல்லக்கு திருவையாற்றில் புறப்பட்டுத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஒவ்வோர் ஊருக்கும் போய் வரும். வெயிலில், வயல் வழியில், மனிதர் தோளில் போகும். பாதி ஊருக்குப் போனாயிற்று, திருவிழா நிறைவேறியது என்று எந்தப் பல்லக்குத் தூக்கியும் தோளிலிருந்து இறக்கிவைத்ததில்லை. தலைநகருக்குப் போனால் போதும் என்று ஐயாறப்பரும் நினைத்ததில்லை. அலைக்கற்றை உரிம விதிகளை எழுதியவர்களை ஒருமுறை அந்தப் பல்லக்கைத் தூக்க வைக்கவேண்டும்.

இத்தனை ஆண்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நான்காம் தலைமுறை சிற்றூர்களுக்கும் பரவியிருக்கிறது. சேவையே எட்டாத 24,680 ஊர்களுக்கு 26,316 கோடியில் கோபுரம் அமைக்க நடுவணரசு 2022-இல் ஒப்புதல் தந்தது. பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டு 4ஜியும் 2025 செப்டம்பரில் முறையாகத் தொடங்கப்பட்டது. ஆனால் இதற்குள் அரசு தன் காரியங்களையெல்லாம் செல்பேசிக்குள் திணித்துவிட்டது. நியாயவிலைக் கடைக்கு விரல்ரேகை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை இறக்க இணையப் பதிவு. நூறு நாள் வேலைக்குப் போனவர்களை நாளுக்கு இருமுறை படம் பிடித்துச் செயலியில் ஏற்றுவது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. 2020-இல் பள்ளிக்கூடமே கைபேசிக்குள் போயிற்று. மழை வரும்போல் இருக்கையில் களத்தில் நெல்லைக் கொட்டி வைத்திருப்பவனுக்கு, ஒரு குறுஞ்செய்தி வரவில்லை என்றால் அது பொழுதுபோக்கில் நேர்ந்த குறை ஆகாது. அலை எட்டாத இடத்தில் சேவையைக் கட்டாயமாக்குவது, தண்ணீர் விடாமல் தீர்வை வசூலிப்பதற்குச் சமம்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்களோடு செல்பேசிச் சேவையும் சாய்ந்தது. உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய நாள்கணக்கில் காத்திருந்தவர்கள் எங்களிலேயே உண்டு. அந்த நாள்களில் அலைக்கற்றை என்ற சொல்லுக்கு ஊழல் என்று பொருள் இருக்கவில்லை. அம்மாவின் குரல் என்று பொருள் இருந்தது.

*

அயல்நாடுகளில் வேறு வழி கண்டிருக்கிறார்களா? கண்டிருக்கிறார்கள்.

ஜெர்மனி ஒரு காலத்தில் நம்மைப் போலவே ஏல வருமானத்தில் மயங்கிய நாடு. 2000-ஆம் ஆண்டில் அங்கே மூன்றாம் தலைமுறை ஏலம் 50 பில்லியன் யூரோவைத் தாண்டியது. வென்ற ஆறு நிறுவனங்களில் இரண்டு வலையமைப்பை நடத்தவே இல்லை. அந்தப் பாடத்துக்குப் பிறகு 2010-இல் 800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஏலம் விட்டபோது ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். இணையம் சரிவர எட்டாத ஊர்களை மக்கள்தொகைப்படி நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதற்படி, 5,000 பேருக்குக் குறைவாக வாழும் ஊர்கள். அந்தப் படியில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிய பிறகே அடுத்த படிக்கு இந்த அலைவரிசையைக் கொண்டுபோகலாம். பெருநகரங்கள் கடைசிப் படி. கடைமடைக்கு முதலில் தண்ணீர் விட்டுவிட்டுத் தலைமடைக்கு வருவது என்று பொருள். நிறுவனங்கள் ஓடிவிடவில்லை. பணம் கட்டினார்கள், கோபுரம் நட்டார்கள்.

ஜப்பான் 2019-இல் ஐந்தாம் தலைமுறையை ஏலமே விடவில்லை. நாட்டைப் பத்துக்குப் பத்து கிலோமீட்டர் கட்டங்களாக, ஏறத்தாழ 4,500 கட்டங்களாகப் பிரித்து, ஐந்து ஆண்டில் எத்தனை கட்டத்தில் தளம் அமைப்பாய் என்று கேட்டு, அந்த வாக்குறுதிகளை ஒப்பிட்டு ஒதுக்கீடு செய்தது. குறைந்தது பாதிக் கட்டங்கள் என்பது விதி. இங்கும் பாதி அங்கும் பாதிதானே என்று கேட்கலாம். நம் பாதி நகரங்களில் பாதி. அவர்களுடையது நிலப்பரப்பில் பாதி. அந்தக் கட்டத்துக்குள் வயலும் வரும்.

மெக்சிகோவின் கதை நம்மை நாணச் செய்வது. வஹாக்கா மாநிலத்தின் மலைச் சிற்றூர்களுக்குப் பெருநிறுவனங்கள் வரவில்லை. தலேயா தே காஸ்த்ரோ என்ற ஊர் மக்கள் 2013-இல் தாங்களே ஒரு செல்பேசி வலையமைப்பை நிறுவிக்கொண்டார்கள். 2016-இல் அத்தகைய பழங்குடிச் சமூகங்களின் அமைப்புக்கு அந்நாட்டு ஆணையம் முறைப்படி அலைக்கற்றை உரிமை வழங்கியது. குடிமராமத்து என்று ஊர் கூடி வாய்க்கால் வெட்டிய நமக்கு இந்த எண்ணம் ஏன் தோன்றவில்லை? சமூக வானொலியில் தோன்றியது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் இந்தியாவின் முதல் சமூக வானொலி ஒலித்தது. பேச்சுக்கு அனுமதித்த அதே பொது உரிமையை அகலப்பட்டைக்கு மறுப்பதற்கு என்ன நியாயம்?

*

எங்களுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்கிறோம்.

ஏலம் இல்லையென்றால் மீண்டும் 2008 தானே என்பது முதல் வாதம். 2008 ஜனவரி 10-இல் முந்தி வந்தவருக்கு முதலில் என்று 122 உரிமங்கள் 2001-ஆம் ஆண்டு விலைக்கே வழங்கப்பட்டன. நாடு முழுவதற்கும் ஒரு நிறுவனத்துக்கு 1,658 கோடி. 2010-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பல முறைகளில் இழப்பைக் கணக்கிட்டார். அவற்றில் மிகப் பெரிய எண் மட்டும் மக்கள் மனத்தில் நின்றது. 2012 பிப்ரவரி 2-இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமங்களை நீக்கியது. 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அதற்கெதிரான மேல்முறையீட்டை 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. வழக்கின் முடிவு எதுவானாலும் அந்த ஒதுக்கீட்டு முறை தவறு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. வாசலில் யார் முதலில் நின்றார் என்பது பொதுச் சொத்தைப் பங்கிடும் நெறியாகாது. ஆனால் உரிமங்களை நீக்கிய அதே உச்ச நீதிமன்றம், குடியரசுத் தலைவரின் வினாவுக்கு 2012 செப்டம்பரில் தந்த விடையில், இயற்கை வளத்துக்கு ஏலம் ஒன்றே வழி என்பது சட்டமல்ல, பொது நன்மையே அளவுகோல் என்று தெளிவாக்கியது. முதல் தீர்ப்பை நினைவில் வைத்தோம், இரண்டாவதை மறந்தோம். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த ஏலத்தில் கிடைத்தது 9,407 கோடி மட்டுமே. அனுமான இழப்பும் அனுமான வருமானமும் ஒரே மாட்டின் இரு கொம்புகள்.

ஏல வருமானம் ஏழைக்குத்தானே செலவாகிறது என்பது இரண்டாவது வாதம். 2022-இல் ஐந்தாம் தலைமுறை ஏலம் 1,50,173 கோடி என்று அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுத் தவணையில் வரும் பணம் அது. நாடு முழுக்க அலைகளைத் தாங்கும் நிறுவனங்களும் இன்று மூன்று தனியாரும் ஒரு பொதுத்துறையுமாகச் சுருங்கிவிட்டன. 2019, 2021, 2024 ஆண்டுகளில் கட்டணங்கள் உயர்ந்தன. ஏல விலை மட்டுமே அதற்குக் காரணம் என்று நாங்கள் மிகைப்படுத்த மாட்டோம். ஆனால் கருவூலத்துக்குப் போன பணம் எங்கிருந்தோ வரவேண்டும். அது நம் சட்டைப் பையிலிருந்துதான் வருகிறது. கிராமத்துக்கென்றே நிறுவனங்களின் வருவாயிலிருந்து ஐந்து விழுக்காடு பிடிக்கப்பட்டு 2002 முதல் ஒரு நிதி திரட்டப்பட்டது. அதில் பெரும்பகுதி பல ஆண்டுகள் செலவாகாமலே கிடந்தது. 2024-இல் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றினார்கள். பெயர் புதிது, பாட்டி பழையவர்.

சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுத்தால் அலைகள் ஒன்றோடொன்று மோதும் என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மை உண்டு. அருகருகே ஒரே அலைவரிசையை இருவர் பயன்படுத்தினால் குறுக்கீடு வரும். ஆனால் இதுவும் மதகு கட்டத் தெரிந்தவன் தீர்க்கக்கூடிய சிக்கல்தான். ஜெர்மனி 2019 முதல் 3.7 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை உள்ளூர்ப் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கி உரிமம் வழங்குகிறது. பிரிட்டனும் அதே ஆண்டில், பெருநிறுவனம் பயன்படுத்தாத இடத்தில் அதன் அலைவரிசையை உள்ளூரார் கேட்டுப் பெற வழி வகுத்தது. அவர்கள் வானிலும் நம் வானிலும் இயற்பியல் ஒன்றுதான்.

*

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

இனி வரும் ஒதுக்கீட்டில் கடமையின் அலகு ஊராட்சியாக இருக்க வேண்டும், கடைமடை முதலாகத் தொடங்க வேண்டும். தலைநகரக் கணக்கு ஒழிய வேண்டும். வட்டம் வட்டமாக, தாலுகா தாலுகாவாகக் கணக்குப் பார்த்து, வாங்கி வைத்துப் பயன்படுத்தாத அலைக்கற்றையை மீட்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், தக்க காரணமின்றிப் பயன்படாமல் கிடக்கும் ஒதுக்கீட்டை முடிவுக்குக் கொண்டுவர அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதிகாரம் ஏட்டில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவ வேண்டும்.

மீட்ட அலையை ஊராட்சிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பெயரளவுக் கட்டணத்தில் தர வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை கொண்டுசெல்வது என்ற நோக்கத்துடன் டான்ஃபிநெட் நிறுவப்பட்டது. இழை ஊராட்சி அலுவலகச் சுவர் வரை வந்து நின்றால் போதாது. அங்கிருந்து வீட்டுக்குப் போகும் கடைசி வாய்க்கால் அலைதான். அந்த வாய்க்காலை வெட்டும் உரிமை ஊருக்கு வேண்டும்.

சேவை எங்கே எட்டுகிறது என்று நிறுவனங்கள் வரைபடம் வெளியிட வேண்டும் என 2024-ஆம் ஆண்டின் தர விதிகளில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட்டது. நல்லது. ஆனால் விற்பவரே வரையும் படம் அது. கொள்முதல் நிலையத்தில் எடைபோடுபவரை நம்பாமல் தன் மூட்டையைத் தானும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பவர் நம் விவசாயி. ஊர் ஊராக, வீட்டுக்குள்ளேயே அளந்து, நடுநிலையானவர் வெளியிடும் கணக்கு வேண்டும்.

கடைசியாக ஒன்று. அடுத்த உலக வானொலி மாநாடு 2027-இல் ஷாங்காயில் கூடுகிறது. ஆறாம் தலைமுறையை எண்ணி 4.4 முதல் 4.8, 7.125 முதல் 8.4, 14.8 முதல் 15.35 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிகள் அங்கே ஆராயப்படவிருக்கின்றன. எல்லாமே உயர்ந்தவை, எல்லாமே குறுகிய தூரம் போகிறவை. நகரத்துக்கு அவை தேவைதான். ஆனால் அந்த மேசையில் கொள்ளிடக் கரைக்காகக் கேட்கப்படப்போவது என்ன? 2017-இல் ஆறு கிலோமீட்டர் இடைவெளிக்காக வாதாடிய இந்தியா மீண்டும் வாதாட வேண்டும். இம்முறை வாதாடிவிட்டு வீட்டுக்கு வந்து களஞ்சியத்தைத் திறந்தும் வைக்க வேண்டும்.

திருவையாற்றில் தியாகராஜரின் சமாதிக்குத் தன் செல்வத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். எழுப்பிய அவருக்கே, பெண் என்பதால், ஆராதனையில் பாட இடம் மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அவர் ஒதுங்கிப் போகவில்லை. பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து அங்கேயே பாடினார். கதவு திறந்தது. இன்று ஆராதனையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிறார்கள். அது என்றும் அப்படித்தான் இருந்தது என்று இளையவர்கள் நினைக்கிறார்கள்.

வானலை நம் சொத்து என்று நீதிமன்றம் சொல்லி முப்பது ஆண்டு கடந்துவிட்டது. சொத்துக்கு உரியவர் இன்னும் களத்துமேட்டில் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.